கிரகணம் காதை அடைப்பதில்லை

காது மடல் சிறுத்தோ துவாரம் மூடியோ ஒரு பிள்ளை பிறந்துவிட்டால், நத்தத்திலும் வேடசந்தூரிலும் வத்தலக்குண்டிலும் தாயிடம் முதலில் கேட்பது இதைத்தான்: “கிரகணத்தன்னைக்கு அருவாமனையத் தொட்டியா?” காது பரிசோதிக்கும் வேலையில் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனேன். படித்தவர்களும் கேட்கிறார்கள் என்பதுதான் கோபம்.

2019 டிசம்பர் 26 காலை, வளையச் சூரிய கிரகணம் திண்டுக்கல் வழியாகவே கடந்தது. அன்று மாவட்டத்தில் எத்தனை ஆயிரம் கர்ப்பிணிகள் இருந்திருப்பார்கள்! கிரகணம்தான் காரணமென்றால் 2020-இல் மூடிய காதோடு பிள்ளைகள் வரிசையாக வந்திருக்க வேண்டும். வரவில்லை. இங்கே கிரகணம் தெரியாத ஆண்டுகளிலும் பத்தாயிரம், இருபதாயிரம் பிரசவத்துக்கு ஒன்று என்று இந்தக் குறை வந்துகொண்டே இருக்கிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கும், இடது காதைவிட வலது காதிலும் அதிகம். எந்த நிழலும் இப்படி ஆள் பார்த்து, காது பார்த்து விழாது.

காது மடல் கருவின் ஆறாவது வாரத்தில் முளைவிட்டு, ஐந்தாம் மாதத்துக்குள் வடிவம் பெற்றுவிடுகிறது. காதுக்குழாய் ஏழாம் மாதத்துக்குள் திறந்துவிடும். ஒன்பதாம் மாதக் கர்ப்பிணி கத்தரிக்காய் நறுக்கியதால் உருவாகி முடிந்த காது மூடிக்கொள்ளாது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இன்ன காரணம் என்று சொல்லவே முடிவதில்லை. காரணம் தெரியாத இடத்தில் பழியைத் தாய்மேல் போடாதீர்கள்.

இந்தப் பழிப் பேச்சிலும் பரிகாரத்திலும் மாதங்கள் ஓடிவிடுகின்றன. உள்காது வேறு திசுவிலிருந்து தனியாக உருவாவதால் அது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஒலி போகும் பாதைதான் அடைப்பு. ஆனால் அந்த அடைப்பே ஏறக்குறைய 60 டெசிபல் ஒலியைத் தடுத்துவிடும். சாதாரணப் பேச்சின் அளவே அவ்வளவுதான். இரண்டு காதும் மூடிய பிள்ளைக்குத் தாயின் பேச்சு எட்டாது, பேச்சும் வராது. மூன்று மாதத்துக்குள் கேட்கும் திறனை அளக்கும் பெரா பரிசோதனை, ஆறு மாதத்துக்குள் தலையில் பட்டையோடு கட்டும் எலும்புவழிக் கருவி. இதற்கு அறுவை சிகிச்சை வேண்டாம்.

நடுக்காதுக் கருவி அதற்கடுத்த கட்டம். மூடிய குழாயைத் திறக்காமலே, அரிசிமணியைவிடச் சிறிய, 2.3 மில்லிமீட்டர் நீள அதிர்வியை நடுக்காதின் சிற்றெலும்பிலோ உள்காதின் வட்டச் சாளரத்திலோ பொருத்துவார்கள். காது கேளாமையோடு வளர்ந்த அமெரிக்கப் பொறியாளர் ஜெஃப்ரி பால் உருவாக்கியது; 1996-இல் சூரிச்சில் முதல்முறை பொருத்தினார்கள். எல்லாருக்கும் பொருந்தாது, சிடி ஸ்கேன் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். விலையும் லட்சங்களில். இது காக்ளியர் கருவி அல்ல. உள்காது நன்றாக உள்ள பிள்ளைக்குக் காக்ளியர் தேவையில்லை.

காது குத்தினால் துவாரம் திறக்கும் என்பது சுத்தப் பொய். மடலில் குத்துவதற்கும் குழாய்க்கும் சம்பந்தமே இல்லை. “ஓட்டை போட்டால் போதும்” என்பதும் தவறு: ஐந்தாறு வயதுக்கு முன் அந்த அறுவையைப் பொதுவாகச் செய்வதில்லை, செய்தாலும் குழாய் மீண்டும் சுருங்கக்கூடும். “ஒரு காதுதான் நல்லாக் கேக்குதே” என்று விட்டுவிடாதீர்கள். சத்தமுள்ள வகுப்பில் அந்தப் பிள்ளை தடுமாறும். நல்ல காது ஆசிரியர் பக்கம் இருக்கும்படி முன்பெஞ்சில் உட்காரவையுங்கள்.

கருவிலிருக்கும் காதை நிஜமாகவே சிதைக்கும் பொருள் ஒன்று உண்டு. முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை. கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் சாப்பிட்டால் காதோடு இதயமும் மூளையும்கூடப் பாதிக்கப்படலாம். அமெரிக்காவில் கர்ப்பம் இல்லையென்று பரிசோதித்த பிறகே பெண்களுக்குத் தருகிறார்கள். இங்கே தோழி சொன்னாள் என்று மெடிக்கலில் போய்க் கேட்கிறார்கள். மருந்துக்கடைக்காரர்களே, டாக்டர் சீட்டில்லாமல் இதை யாருக்கும் கொடுக்காதீர்கள். கடைசி மாத்திரைக்குப் பிறகும் ஒரு மாதம் கழியும்வரை கர்ப்பம் கூடாது என்பதை வாங்கும் பெண்ணிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.