கலம் பெருகுவதும் நிற்பதும்

நம் விரலில் சிறு வெட்டு ஏற்பட்டால், ஓரத்திலுள்ள தோற்கலங்கள் பிரிந்து பெருகி இடைவெளியை நிரப்புகின்றன. நிரம்பியதும் நின்றுவிடுகின்றன. பெருகுவதைக் கண்டு வியக்கும் நாம், நிற்பதைக் கண்டு வியப்பதில்லை.

ஒரு கலம் இரண்டாவதற்கு முன் நான்கு கட்டங்களைக் கடக்கின்றது. முதலில் வளர்கின்றது, அடுத்துத் தன் 46 நிறமூர்த்தங்களையும் படியெடுக்கின்றது, பின்னர் அப்படியைச் சரிபார்க்கின்றது, இறுதியிற் பிரிகின்றது. விரைவாகப் பிரியும் மனிதக் கலத்திற்கு இவையனைத்துக்கும் ஏறத்தாழ 24 மணி நேரம் செல்லும். பிரிவதற்கு மட்டும் ஒரு மணி நேரமளவே போதும். கட்டங்களுக்கு இடையே சோதனைச் சாவடிகள் உள்ளன. படியிற் பிழையிருப்பின் கலம் அங்கே நிறுத்தப்படும்.

இதனை அறிவியலாளர் கண்டறிந்தது எதிலிருந்து தெரியுமா, மாணவர்களே? அப்பமாவைப் புளிக்க வைக்க உங்கள் அம்மா சேர்க்கும் ஈஸ்ட்டிலிருந்து! அமெரிக்கரான லீலண்ட் ஹார்ட்வெல் அதன் பிரிவைக் கட்டுப்படுத்தும் பரம்பரையலகுகளைத் தேடிப் பிடித்தார். ஆங்கிலேயரான போல் நேர்ஸ், வேறொரு வகை ஈஸ்ட்டில் அத்தகைய முதன்மையான அலகொன்றை ஆராய்ந்தார். அது பழுதான ஈஸ்ட்டில் மனிதரின் அலகைச் செலுத்தியபோது, ஈஸ்ட் மீண்டும் பிரியத் தொடங்கிற்று என்பதை 1987இல் அவரது குழு காட்டியது. ரிம் ஹன்ட் 1982இல், கடல்முள்ளியின் முட்டைகளில், ஒவ்வொரு பிரிவின்போதும் தோன்றி மறையும் புரதத்தைக் கண்டார். மூவருக்கும் 2001இல் நோபல் பரிசு கிடைத்தது.

பி53 என்னும் புரதம் அச்சாவடிகளின் காவலர்களுள் ஒன்று. மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் அதன் பரம்பரையலகு பழுதாகியிருக்கும். ஒரு பழுதால் மட்டும் பெரும்பாலும் புற்றுநோய் வருவதில்லை. பல பழுதுகள் ஆண்டுக்கணக்கிற் சேர வேண்டும். முதுமையில் அது மிகுவது இதனாலேயே. அது தொற்றுநோயுமன்று. நோயாளியின் கோப்பையை வேறாக வைக்கும் வீடுகள் இன்னும் நம்மிடையே உண்டு, அவ்வழக்கம் வேண்டாதது.

புற்றுநோய் மருந்துகள் பல, பிரியும் கலங்களையே தாக்குவன. ஆகையால் மயிர்வேரும் குடற்சுவரும் பாதிக்கப்படும், தலைமயிர் உதிரும். எலும்பு மச்சையும் அவ்வாறே. அங்குதான் குருதியை ஆக்கும் குருத்துக்கலங்கள் உள்ளன. (தண்டுக்கலம் என்போரும் உளர், குருத்து என்பதே பொருளுக்கு நெருக்கமென்பது எம் கருத்து.) குருத்துக்கலம் பிரிந்து தன்னைப் போன்றதையும் தரும், செங்குருதிக்கலம் முதலானவையாக மாறுவதையும் தரும். ரொறன்ரோவில் ஜேம்ஸ் ரில், ஏர்னெஸ்ற் மக்கலக் ஆகிய இருவரும் 1961இல் சுண்டெலிகளில் இதற்குச் சான்று காட்டினர்.

குருதிப் புற்றுநோயாளர் சிலருக்கு வேறொருவரின் குருத்துக்கலங்களே உயிர் தரும். உடன்பிறந்தவர் ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பெற்றோரின் அரைப் பொருத்தக் கலங்களைக் கொண்டும் இன்று சிகிச்சை செய்கின்றனர். வெளியாரிடம் தேடுவதாயின், ஒரே மரபுவழியினரிடமே பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். மேலைநாட்டுக் கொடையாளர் பதிவேடுகளிலோ தெற்காசியர் குறைவு. நம் பிள்ளைகளுள் ஒருவருக்கு இந்நோய் வந்தால் தேடல் நீளக்கூடும்.

பதிவதற்கு வேண்டுவது கன்னத்தின் உட்புறத்தைத் தடவியெடுக்கும் பஞ்சுக்குச்சி மாத்திரமே. கொடையும் இன்று பெரும்பாலும் கையிலிருந்து குருதி பெற்றுப் பிரித்தெடுப்பதாகவே நடக்கின்றது. பதிவேடுகள் இளவயதினரையே விரும்புகின்றன. எனவே, பெற்றோர்களே, பல்கலைக்கழகம் செல்லும் உங்கள் மூத்த பிள்ளைகளிடம் இதைப் பற்றிப் பேசுங்கள்.