கடல் நிறம் மாறும்போது

2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில், மண்டபத்தை ஒட்டிய கடல்நீர் பச்சை நிறமாக மாறியது. மீன்கள் இறந்து கரை ஒதுங்கின. மீனவர்கள் 'பூங்கோரை' என்று அழைக்கும் நாக்டிலூகா என்ற நுண்ணுயிரி அளவின்றிப் பெருகியதே இதற்குக் காரணம். 2008 அக்டோபரிலும் அங்கு இவ்வாறு நிகழ்ந்தது. நீந்தித் தப்பும் வழியுள்ள மீன்களுக்கே இந்நிலை என்றால், சேமிப்பையும் கடன்தொகையையும் முதலிட்டுக் கூண்டில் வளர்க்கும் மீன்களின் நிலை என்ன?

பாசிப் பெருக்கம் ஏன்?

நுண்பாசிகள் கடலின் உணவுச் சங்கிலிக்கு அடித்தளமானவை. கழிவுநீராலும் உரங்களாலும் நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகுந்து, வெயிலும் அலையற்ற நீரும் சேரும்போது அவற்றுட் சில இனங்கள் வரம்பின்றிப் பெருகுகின்றன. சில மீன்களின் செவுள்களைச் சிதைக்கும். சில நஞ்சை உண்டாக்கும். சிப்பிகளில் சேரும் அந்நஞ்சு சமைத்தாலும் அழியாது. நாக்டிலூகாவோ நீரில் அம்மோனியாவை மிகுத்து, ஆக்சிஜனைக் குறைக்கும்.

அணைப்பதா, தடுப்பதா?

தென் கொரியாவில் 1990களிலிருந்து கூண்டுகளைச் சூழ்ந்த கடலில் களிமண் தூவப்படுகிறது. களிமண் துகள்கள் பாசியைப் பற்றிக்கொண்டு அடியில் படியும். இது கூண்டைக் காக்க உதவலாம். கடல் முழுவதையும் சீராக்காது.

ஜப்பான் வேரையே நாடியது. அந்நாட்டின் சேட்டோ உள்நாட்டுக் கடலில் 1972இல் பாசிப் பெருக்கத்தால் சுமார் 1.4 கோடி வளர்ப்புப் பாரை இன மீன்கள் மடிந்தன. அடுத்த ஆண்டே கழிவுநீரைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. 1976இல் 299 முறை தோன்றிய செந்நீர்ப் பெருக்கம், பின்னர் ஆண்டுக்கு ஏறத்தாழ நூறாகக் குறைந்தது. பலன் கிட்டப் பல ஆண்டுகள் ஆயின, ஆயினும் கிட்டியது.

மீன் வளர்ப்போர் செய்ய வேண்டியவை

• நீரோட்டம் நன்குள்ள இடத்தில் கூண்டு அமைக்க வேண்டும். நெருக்கமாக மீன் விடலாகாது.

• தேவைக்கு மிகுதியாகத் தீவனம் இடலாகாது. எஞ்சிய தீவனம் பாசிக்கே உரமாகும்.

• நாள்தோறும் காலையில் நீரின் நிறத்தையும் ஆக்சிஜன் அளவையும் குறித்து வைக்க வேண்டும்.

• ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் செயற்கைக்கோள் வழியே பாசிப் பெருக்கத்தைக் கண்காணித்துத் தகவல் வழங்குகிறது. அதனைக் கவனித்து வருதல் நன்று.

• நிறம் மாறினால் தீவனத்தை நிறுத்துக. உண்ணாத மீனுக்கு ஆக்சிஜன் தேவை குறைவு. காற்றூட்டியை இயக்குக, இயலுமாயின் கூண்டை நகர்த்துக. இறால் பண்ணையாளர் கடல்நீர் ஏற்றுவதை நிறுத்துக. மீன்வளத் துறைக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

• இறந்த மீன்களை விற்கலாகாது.

• காப்பீட்டுப் பத்திரத்தில் பாசிப் பெருக்கத்தால் நேரும் இழப்பு அடங்குமா என்பதைக் கையெழுத்திடும் முன் கேட்டறிக.

பெருகிவிட்ட பாசியைத் தனியொருவர் விரட்ட இயலாது. ஆனால் ஒரு நாள் முன்னதாக அறிந்தவர், ஓராண்டு உழைப்பைக் காத்துக்கொள்ளலாம். கடலுக்குள் செல்லும் கழிவைக் குறைப்பதோ கரையில் வாழும் நம் அனைவரின் கடமை.