உப்புக்காற்று ஊரில் லேப்டாப் வாரண்டி

தங்கச்சி, லேப்டாப் வாங்கும்போது விலையை நாலு கடையில் விசாரிக்கிறோம். பில் போடுகிற இடத்தில் "இன்னும் நாலாயிரம் போட்டா மூணு வருஷம் வாரண்டிம்மா" என்று சொன்னதும், அப்பா முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டிவிடுகிறோம். அந்த நேரத்தில் "யோசிச்சுச் சொல்றோம்ண்ணே" என்று மட்டும் சொல்லு. பெரிய கம்பெனிகள் பலவற்றில் முதல் வருஷ வாரண்டி முடிவதற்குள் கூடுதல் வாரண்டியைப் பிறகும் வாங்கிக்கொள்ளலாம். விலை அவர்கள் வெப்சைட்டிலேயே இருக்கும். வீட்டுக்கு வந்து நிதானமாக முடிவெடு.

முதலில் எதற்குப் பணம் கட்டுகிறோம் என்று தெரிந்துகொள். வாரண்டி என்பது தயாரிப்பில் உள்ள குறைக்குக் கம்பெனி பொறுப்பேற்பது. போர்டு தானாகப் போனாலோ, டிஸ்ப்ளேயில் தானாகக் கோடு விழுந்தாலோ மாற்றித் தருவார்கள். கைதவறி விழுந்து உடைந்தால், காபி கொட்டினால், கரண்ட் ஏறி இறங்கிக் கருகினால் தரமாட்டார்கள். கூடுதல் பணம் கட்டினாலும் இதே பொறுப்புதான் இன்னும் இரண்டு வருஷம் நீளுகிறது. பேட்டரிக்கோ பெரும்பாலும் ஒரு வருஷத்தோடு சரி. மூன்று வருஷம் என்று கட்டியவர்கள் பலரும் இதைப் பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

நம்ம ஆறுமுகநேரிக்கு வருவோம். ஊரைச் சுற்றி உப்பளம், கிழக்கே கடல். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும்; ஐப்பசி மழையில் அடுப்படி உப்பு நசநசத்துப் போவது அதனால்தான். லேப்டாப்பின் ஃபேன் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகளும் சேர்ந்து போகிறது. வெயில் நேரத்தில் சும்மா கிடக்கிற துகள், ராத்திரி ஈரத்தில் கரைந்து போர்டில் இருக்கும் செம்பை அரிக்கிறது. சார்ஜர் செருகும் இடத்தில் பச்சையாகப் பூப்பதும் இந்த அரிப்புதான். சர்வீஸ் சென்டரில் திறந்து பார்த்து அந்தப் பச்சையைக் கண்டால், 'ஈரம் பட்டிருக்கிறது' என்று எழுதி வாரண்டியை மறுக்க வாய்ப்பிருக்கிறது. அரிப்பும் துருவும் பல கம்பெனிகளின் விதிகளில் விலக்கப்பட்டவை. மதுரைக்காரருக்கும் நமக்கும் ஒரே விலைக்கு விற்கிற இந்த வாரண்டி, கடற்கரை ஊரில் இருக்கிற நமக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் உதவும்.

ஆகவே வாரண்டி வாங்கினாலும் வாங்காவிட்டாலும், கடல்பக்க ஜன்னல் ஓரத்தில் லேப்டாப்பைத் திறந்து வைக்காதே. வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்துப் பைக்குள் வை. மெத்தைமேல் வைத்துப் படம் பார்க்காதே, காற்றுப்போக்கு அடைபட்டுச் சூடேறும்.

வெள்ளத்தையும் சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படி வீட்டுக்குள் தண்ணீர் ஏறி நனைந்த லேப்டாப்புக்குச் சாதாரண வாரண்டியில் ஒன்றும் கிடைக்காது. தனியாக விற்கும் விபத்துப் பாதுகாப்புத் திட்டத்திலும் வெள்ளம், புயலை விலக்கியிருப்பதே வழக்கம். வீட்டுச் சாமான்களுக்கு இன்சூரன்ஸ் எடுத்தால் லேப்டாப்பும் அதில் சேருமா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்.

அப்படியானால் யார் எதை வாங்கலாம்? ஹாஸ்டலில் இருக்கிறவளுக்கும், தினமும் நெல்லை பாசஞ்சரில் நெரிசலில் நின்று போகிறவளுக்கும் விழுந்து உடைவதுதான் பெரிய ஆபத்து. அவர்களுக்கு நான் சொல்வது விபத்துப் பாதுகாப்பு. திரை உடைவது, தண்ணீர் கொட்டுவது இரண்டும் அதில் இருக்கிறதா என்று வாசித்துப் பார். இதைச் சில கம்பெனிகள் லேப்டாப் வாங்கிய குறுகிய காலத்துக்குள்தான் தரும்; இதற்கு மட்டும் கடைசித் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்.

மிக மெலிந்த, விலை கூடிய லேப்டாப்புகளில் ராம் போன்றவற்றைப் போர்டோடு சேர்த்தே பற்றவைத்திருப்பார்கள். ஒன்று போனால் முழு போர்டையும் மாற்றச் சொல்லும் நிலை வரும். அந்த மாதிரிக்குக் கம்பெனியின் கூடுதல் வாரண்டி பிரயோஜனம்தான். கொஞ்சம் கனமான, விலை குறைந்த, உதிரிபாகம் எளிதாகக் கிடைக்கிற மாடலுக்கு நானாக இருந்தால் கட்டமாட்டேன். அந்தப் பணத்தைத் தபால் ஆபீஸ் ஆர்.டி.யில் போட்டுவிடுவேன். வாங்கும் முன்பே ரிப்பேர் கடையில் அந்த மாடலின் திரை, கீபோர்டு, மதர்போர்டு மூன்றும் மாற்ற என்ன ஆகும் என்று கேள். வாரண்டி விலை லேப்டாப் விலையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் விட்டுவிடு என்பது என் கணக்கு.

இன்னொன்று, வீட்டுக்கே ஆள் வந்து பார்ப்பார்களா என்பது. 'ஆன்சைட்' என்று அட்டையில் போட்டிருந்தால் போதாது. 628202 என்ற நம்ம பின்கோடைச் சொல்லி, இங்கே வருவார்களா என்று கம்பெனிக்கே போன் போட்டுக் கேள். வரமாட்டார்கள் என்றால் ஒவ்வொரு தடவையும் தூத்துக்குடிக்கோ திருநெல்வேலிக்கோ நீதான் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். அந்த பஸ் செலவையும், கிளாஸ் போகிற நாளையும் விலையோடு சேர்த்துப் பார்.

கடைக்காரர் தருகிற வாரண்டி வேறு, கம்பெனி வாரண்டி வேறு. கடை விற்பதில் பொறுப்பு பெரும்பாலும் மூன்றாவது ஒரு நிறுவனத்துக்கு இருக்கும். வருஷம் ஆக ஆகத் தேய்மானம் கழிப்பார்கள். விலை ஒன்றாக இருந்தால் கம்பெனியுடையதையே எடு.

வாங்கிய அன்றே சீரியல் நம்பரைக் கம்பெனி வெப்சைட்டில் போட்டு வாரண்டி தொடங்கும் தேதியைப் பார். பில் தேதிக்கு முன்பே தொடங்கியிருந்தால் பில்லை அனுப்பித் திருத்தச் சொல். கடை பில் தாளில் எழுத்து மங்கிவிடும், உடனே போட்டோ எடுத்து வை. நியாயமான வாரண்டியை மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பேசு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, லேப்டாப்பை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும் நம்ம தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை வந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும்.