பழைய காரின் இரட்டைப் புகைக்குழாய்

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் நிறைந்த தெரு ஒன்றில் மின்சாரம் நின்றுவிட்டால், சற்று நேரத்தில் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குழாய் சுவரைத் தாண்டி வெளியே வரும். அதன் நடுவே ஒரு பெரிய தகர உருளை இருக்கும். அதுதான் சைலன்சர். அந்த உருளையும் குழாயும் செய்யும் வேலையைத்தான் காரின் அடியில் உள்ள புகைக்குழாயும் செய்கிறது.

திருப்பூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், கோவை அவிநாசி சாலையில் ஜிடி கார் அருங்காட்சியகம் உள்ளது. பொறியியல் மேதை ஜி.டி. நாயுடுவின் (1893–1974) மரபைத் தொடரும் அந்நிலையம் 2015இல் திறக்கப்பட்டது. இத்தகைய பழங்காலக் கார்களைப் பார்ப்போர் பளபளக்கும் வண்ணத்தையும் இருக்கைகளையும் கண்டு வியப்பர். ஆனால் ஒரு பழைய காரில் முதலில் அழிவது கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதிப் புகைக்குழாயே. சில கார்களில் அது ஒன்றல்ல, இரண்டு. அவற்றைச் சீரமைப்பதில் பள்ளி இயற்பியலும் வேதியியலும் எவ்வளவு பயன்படுகின்றன என்பதைக் காண்போம்.

இரண்டு குழாய் எதற்கு?

நம் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசடர் காரில் நான்கு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும். அதற்கு ஒரு புகைக்குழாய் போதும். வி-8 எஞ்சினில் எட்டு சிலிண்டர்கள், பக்கத்துக்கு நான்காக, ‘வி’ வடிவில் இரு வரிசைகளில் அமைந்திருக்கும். இரு பக்கமும் புகை வெளியேறும். 1932இல் போர்டு நிறுவனம் மலிவு விலை வி-8 காரை வெளியிட்டபோது, ஒரு பக்கத்துப் புகையை மறுபக்கத்துக்குக் கொண்டுவந்து ஒரே குழாயில் விட்டது. பின்னர் அமெரிக்க இளைஞர்கள் தங்கள் கார்களில் இரண்டாவது குழாயைப் பொருத்தத் தொடங்கினர். 1955இல் வந்த போர்டு தண்டர்பேர்டு காரிலோ தொழிற்சாலையிலேயே இரட்டைக் குழாய் அமைந்திருந்தது.

இதில் என்ன ஆதாயம்? 3.6 லிட்டர் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 3000 சுற்று சுழல்வதாகக் கொள்வோம். நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை 3.6 லிட்டர் காற்றை இழுக்கும். எனவே நொடிக்கு 90 லிட்டர். அறை வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸ், அதாவது 300 கெல்வின். வெளியேறும் வாயு 600 கெல்வினில் இருந்தால், சார்லஸ் விதிப்படி பருமன் இரு மடங்காகி, நொடிக்கு ஏறத்தாழ 180 லிட்டர் ஆகும். 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரே குழாயில் இது செல்ல நொடிக்குச் சுமார் 90 மீட்டர் வேகம் வேண்டும். அதே அளவுள்ள இரண்டு குழாய்களில் பிரிந்து சென்றால் 45 மீட்டர் போதும்.

சுழிப்புடன் ஓடும் வாயுவின் அழுத்த இழப்பு வேகத்தின் இருமடிக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் இருக்கும். வேகம் பாதியானால் இழப்பு நான்கில் ஒரு பங்காகும். பிஸ்டன் புகையைத் தள்ளுவதற்குச் செலவிடும் ஆற்றல் குறைகிறது. ஆனால் இந்த ஆதாயம் எஞ்சின் வேகமாகச் சுழலும்போதுதான் தெரியும். ஊருக்குள் மெதுவாகச் செல்கையில் வெளியேறும் வாயுவே குறைவு. ஆதாயமும் மிகச் சிறிது. குழாயை மேன்மேலும் பெரிதாக்குவதால் திறன் கூடிக்கொண்டே போகாது.

இடிமுழக்கம் போன்ற ஒலி

ஒவ்வொரு வெளியேற்று வால்வும் திறக்கும்போது ஓர் அழுத்தத் துடிப்பு குழாயில் புறப்படுகிறது. மேற்கண்ட எஞ்சினில் நொடிக்கு 8 × 1500 ÷ 60 = 200 துடிப்புகள். இரு பக்கமும் தனித்தனியே பிரிந்தால், ஒரு குழாய்க்கு 100 மட்டுமே. அவையும் சீராக வருவதில்லை. பெரும்பாலான வி-8 எஞ்சின்களில் ஒரு பக்கத்துச் சிலிண்டர்களின் துடிப்புகளுக்கு இடையே 90, 180, 270, 180 டிகிரி என வண்டிச்சுழல்தண்டின் இடைவெளி மாறி மாறி வரும். இரட்டைக் குழாய்க் கார்களின் தடதடத்த கனத்த குரலுக்கு இதுவே காரணம். சில கார்களில் இரு குழாய்களையும் இணைக்கும் குறுக்குக் குழாய் ஒன்று உண்டு. அது ஒரு பக்கத்துத் துடிப்பை மறுபக்கத்துக்கும் பகிர்ந்து, ஒலியைச் சீராக்கும்.

ஒலியின் வேகம் கெல்வின் வெப்பநிலையின் இருமடி மூலத்துக்கு நேர்விகிதத்தில் உள்ளது. 300 கெல்வினில் நொடிக்கு 347 மீட்டர் எனில், 600 கெல்வினில் 347 × 1.414, அதாவது ஏறத்தாழ 490 மீட்டர். 200 துடிப்புகளின் அலைநீளம் 2.45 மீட்டர், 100 துடிப்புகளுக்கு 4.9 மீட்டர்.

சைலன்சரின் எளிய வடிவம் குழாய் திடீரென விரிந்து மீண்டும் குறுகும் ஓர் அறை. பரப்பு மாறும் இடங்களில் அலை எதிரொலித்துத் திரும்புகிறது. அறையின் விட்டம் குழாயைப் போல் மூன்று மடங்கு எனில், பரப்பு ஒன்பது மடங்கு. அறையின் நீளம் அலைநீளத்தில் கால் பங்காக இருக்கும்போது, ஒலி ஆற்றலில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே அப்பால் செல்லும். 200 துடிப்புக்கு அந்த நீளம் 61 சென்டிமீட்டர். 100 துடிப்புக்கு அதைப்போல் இரு மடங்கு. தாழ்ந்த ஒலியை அடக்குவது ஏன் கடினம் என்பது இப்போது புரியும். ஆகவே பழைய சைலன்சரை மாற்றும்போது, ‘கையில் கிடைத்த உருளை’ ஒன்றை வைப்பது சரியன்று. நீளமும் விட்டமும் அந்த எஞ்சினுக்கென்றே அமைந்தவை.

துரு உள்ளிருந்து வருகிறது

மழைநீரும் சேறும் வெளியிலிருந்து குழாயை அரிப்பது உண்மையே. ஆனால் பெரும் பகைவன் உள்ளேயே பிறக்கிறது. பெட்ரோலை ஆக்டேன் எனக் கொண்டால், 228 கிராம் ஆக்டேன் முற்றிலும் எரியும்போது 324 கிராம் நீர் உண்டாகும். அதாவது ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர்! வாயு சூடாக இருக்கும்வரை இது ஆவியாகவே வெளியேறிவிடும். குழாயின் சுவர் சுமார் 50 டிகிரிக்குக் கீழே இருந்தால், பெருமளவு குளிர்ந்து நீர்த்துளியாகும். சாய ஆலைகளின் நீராவிக் குழாயில் நீர் தேங்குவதும் இதே நிகழ்ச்சிதான்.

வாயு இரு குழாய்களில் பிரிவதால் ஒவ்வொன்றும் பாதி வெப்பமே பெறுகிறது. சூடாக நீண்ட நேரம் ஆகிறது. எனவே இரட்டைக் குழாய் ஒற்றைக் குழாயைவிட விரைவில் துருப்பிடிக்கும். வாரம் ஒரு முறை கொட்டகையில் ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தப்படும் காரின் குழாய், நாள்தோறும் நெடுந்தூரம் ஓடும் காரினுடையதைவிட முன்னதாக ஓட்டையாவது இதனால்தான். ஓட்டினால் குழாய் முழுதும் நன்கு சூடாகும்வரை ஓட்ட வேண்டும். இல்லையேல் ஓட்டாமலிருப்பதே நலம். சைலன்சரின் அடியில் ஊசித்துளை போன்ற ஒரு துளை இருந்தால் அதைப் பழுதென்று அடைத்துவிடக் கூடாது. நீர் வடிவதற்காக வைத்த துளை அது.

சீரமைக்கும் முறை

பழைய குழாயை உடனே பழைய இரும்புக் கடைக்குப் போடக் கூடாது. துருப்பிடித்திருந்தாலும் வளைவுகளுக்கு அதுவே மாதிரி. புதிய குழாயைப் பட்டறையில் வளைக்கும்போது உள்ளே மணலைக் கெட்டித்து, இரு முனைகளையும் மரக்கட்டையால் அடைத்துச் சூடாக்குவர். குழாய் சப்பிப்போகாமல் மணல் தாங்கும். அந்த மணல் முற்றிலும் உலர்ந்திருப்பது இன்றியமையாதது. ஈரம் நீராவியாகி அடைப்பை வெடித்தெறியக்கூடும்.

எஞ்சினோடு சேரும் இடத்தில் பித்தளை நட்டுகளைப் பயன்படுத்துவது நல்ல வழக்கம். அவை எஃகு ஆணியோடு துருவால் ஒட்டிக்கொள்வதில்லை. பழைய கேஸ்கட்டுகளிலும் பொதிகளிலும் கல்நார் இருக்கலாம். அதன் தூசு நுரையீரல் நோய்க்கும் புற்றுநோய்க்கும் காரணமாவதால், அதை உலர்ந்த நிலையில் சுரண்டவோ ஊதவோ கூடாது.

எல்லாப் பகுதிகளையும் முதலில் தளர்வாக மாட்டி, பின்னர் முன்னிருந்து பின்னாக இறுக்க வேண்டும். எஃகு ஒரு கெல்வினுக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும். 3 மீட்டர் குழாய் 300 கெல்வின் சூடேறினால் ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் நீளும். அதனால்தான் குழாய் அடிச்சட்டத்தோடு பற்றவைக்கப்படாமல் ரப்பர் தொங்கிகளில் தொங்குகிறது. சட்டத்துக்கும் பெட்ரோல் தொட்டிக்கும் போதிய இடைவெளியும் வேண்டும்.

மணமற்ற நஞ்சு

ஓட்டையான குழாயின் முதன்மைத் தீங்கு இரைச்சல் அன்று. கார்பரேட்டர் உள்ள, வினையூக்கி மாற்றி இல்லாத பழைய கார்களின் புகையில் கார்பன் மோனாக்சைடு சில சதவிகிதம் வரை இருக்கலாம். அதற்கு நிறமோ மணமோ இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைப் போல் 200 மடங்குக்கும் மேலான பிணைப்புடன் சேருகிறது. தரைத்தகட்டில் உள்ள ஒரு சிறு துளை வழியே அது காருக்குள் புகுந்தால், பயணிகள் தலைவலி, மயக்கம் என்று தொடங்கி உயிரையே இழக்கலாம். எனவே வேலை முடிந்ததும் திறந்த வெளியில் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, குழாய் சூடேறுவதற்குள் இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். மூடிய கொட்டகையில் ஒருபோதும் இதைச் செய்யலாகாது.

பேணுதலும் மாற்றுதலும்

2021 ஜூலையில் இந்திய அரசு பழங்கால வாகனங்களுக்கெனத் தனிப் பதிவு முறையை அறிவித்தது. 50 ஆண்டுகளுக்கு மேற்பட்டு, அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றமின்றி முதல் வடிவிலேயே பேணப்படும் வாகனங்களுக்கு அது உரியது. ஒற்றைக் குழாயுடன் பிறந்த 1932ஆம் ஆண்டுக் காருக்கு இரட்டைக் குழாய் வைத்தால் ஒலி கம்பீரமாக இருக்கலாம். ஆனால் அது சீரமைப்பு ஆகாது. தண்டர்பேர்டின் இரண்டில் ஒன்றைக் குறைப்பதும் அவ்வாறே. ஒரு காலத்துப் பொறியாளர் கணக்கிட்டு வைத்த விடையை அழிக்காமல் அடுத்த தலைமுறைக்குத் தருவதே சீரமைப்பு.

பயிற்சி

1. வி-8 எஞ்சின் நிமிடத்துக்கு 2400 சுற்று சுழன்றால் நொடிக்கு எத்தனை அழுத்தத் துடிப்புகள்?
2. துருவேறா எஃகு ஒரு கெல்வினுக்குப் பத்து லட்சத்தில் 17 பங்கு விரியும். 2.5 மீட்டர் குழாய் 250 கெல்வின் சூடேறினால் எவ்வளவு நீளும்?
3. 3 லிட்டர் பெட்ரோல் முற்றிலும் எரிந்தால் எவ்வளவு நீர் உண்டாகும்? (ஒரு லிட்டரின் நிறை 0.74 கிலோகிராம் எனக் கொள்க.)

விடைகள்: 1. 160. 2. ஏறத்தாழ 10.6 மில்லிமீட்டர். 3. ஏறத்தாழ 3.2 கிலோகிராம்.