ஒரு துளி இரத்தம், இரண்டு கோடுகள்

பீகார் மாநிலம், முசாஃபர்பூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். மண் சுவர் வீடுகள். வீட்டை ஒட்டியே மாட்டுக் கொட்டில். அங்கே ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்குக் காய்ச்சல் கண்டது. ஆஷா பணியாளர் வீட்டுக்கு வந்தார். ஊரில் எல்லோரும் அவரைத் தீதி என்று அழைப்பார்கள். தீதி என்றால் அக்கா.

"எத்தனை நாளாகக் காய்ச்சல்?" என்று கேட்டார் தீதி.

"இருபது நாளாகிறது, தீதி. கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். காய்ச்சல் விடுகிறது, மறுபடி வருகிறது. சாப்பிடுவதே இல்லை. வயிறு மட்டும் பெரிதாகிறது" என்றாள் தாய்.

"நாளைக்கே சுகாதார நிலையத்துக்குப் போவோம். காலா அசாராக இருக்கலாம். இரத்தம் பார்க்க வேண்டும்."

தாய் பயந்தாள். "என் மாமனாருக்கு வயிற்றில் நீள ஊசி குத்திப் பார்த்தார்களே! இவள் குழந்தை, தீதி."

"அந்த ஊசி வேண்டாம். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் போதும்" என்றார் தீதி.

காலா அசார் என்பது என்ன?

காலா அசார் என்றால் கருங்காய்ச்சல். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணியால் இது வருகிறது. மணல் ஈ கடிப்பதால் பரவுகிறது. மணல் ஈ கொசுவைவிட மிகச் சிறியது. மண் சுவர் வெடிப்புகளிலும் ஈரமான கொட்டில்களிலும் தங்கும். ஒட்டுண்ணி உடலில் பெருகினால் மண்ணீரல் வீங்கும். இரத்தம் குறையும். சிகிச்சை செய்யாவிட்டால் அநேகமாக உயிர் போய்விடும்.

1903இல் லீஷ்மன், டோனவன் என்ற இரு மருத்துவர்கள் இந்த ஒட்டுண்ணியைப் பற்றித் தனித்தனியே எழுதினார்கள். டோனவன் அப்போது சென்னையில் வேலை பார்த்தார். அதன் பிறகு பல ஆண்டுகள், நோயை உறுதி செய்ய மண்ணீரலிலோ எலும்பு மஜ்ஜையிலோ ஊசி குத்தி எடுத்துப் பார்த்தார்கள். மண்ணீரலில் குத்தினால் உள்ளே இரத்தம் கசியும் ஆபத்து உண்டு. தேர்ந்த மருத்துவர்தான் அதைச் செய்ய முடியும். கிராமத்து ஏழைக்கு அது எட்டாத தூரம்.

புதிய சோதனை

காணாமல் போன எருமையை எப்படி அடையாளம் காண்கிறோம்? அதற்குப் போட்ட சூட்டுக் குறி போதும். ஒட்டுண்ணிக்கும் அப்படி ஒரு குறி உண்டு.

ஒட்டுண்ணியின் உடலில் புரதங்கள் உள்ளன. புரதம் என்பது மணிமாலை போன்றது. அதன் மணிகள் அமினோ அமிலங்கள். காலா அசார் ஒட்டுண்ணி வகையின் ஒரு புரதத்தில், 39 மணிகள் கொண்ட ஒரு துண்டு திரும்பத் திரும்ப வருகிறது. 1993இல் விஞ்ஞானிகள் இதை வெளியிட்டார்கள்.

நோய் வந்தவர் இரத்தத்தில் இந்தக் குறியை எதிர்க்கும் பொருள் உண்டாகிறது. அதற்கு எதிர்ப்பொருள் என்று பெயர். அந்தக் குறியை மட்டும் ஆய்வகத்தில் செய்து, ஒரு காகிதப் பட்டையில் கோடாகப் பதித்தார்கள். இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் அது கோட்டில் ஒட்டிக்கொள்ளும். கோடு நிறம் பெறும். 1998இல் இந்தியாவில் இதைச் சோதித்த முடிவுகள் வெளியாயின.

இந்தப் பட்டைக்கான துண்டைப் பாக்டீரியாவைக் கொண்டு செய்கிறார்கள். இன்னும் சிறிய துண்டுகளை, மணி கோப்பது போல அமினோ அமிலங்களைக் கோத்தே செய்யலாம். இவை செயற்கைப் பெப்டைடுகள். தென் அமெரிக்காவில் உள்ள சாகஸ் என்ற ஒட்டுண்ணி நோய்க்கு இப்படிச் செய்த இரத்தச் சோதனைகள் உண்டு. இரு முறையிலும் ஆய்வகத்தில் ஒட்டுண்ணியை வளர்க்க வேண்டியதில்லை.

சுகாதார நிலையத்தில்

மறுநாள் செவிலியர் சிறுமியின் விரலில் குத்தி இரத்தம் எடுத்தார். பட்டையில் வைத்து, மருந்து நீர் விட்டார். எல்லோரும் காத்திருந்தார்கள். சிறிது நேரத்தில் இரண்டு கோடுகள் தெரிந்தன.

"ஒரு கோடு மட்டும் வந்தால் பட்டை சரியாக வேலை செய்கிறது, எதிர்ப்பொருள் தெரியவில்லை என்று பொருள். இரண்டு வந்தால் எதிர்ப்பொருள் உண்டு. கோடே வராவிட்டால் பட்டை கெட்டது, வேறு பட்டையில் பார்ப்போம்" என்றார் செவிலியர்.

மருத்துவர் சிறுமியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மண்ணீரல் வீங்கியிருந்தது. "காலா அசார்தான். ஊசி மருந்தை நரம்பில் ஒரே நாளில் ஏற்றிவிடலாம். இங்கே பணம் இல்லை" என்றார்.

அப்போது தந்தை முன்னால் வந்தார். "எனக்கும் இரண்டு நாளாகக் காய்ச்சல், டாக்டர் ஐயா. எனக்கும் பட்டை போடுங்கள்."

"இதற்கு முன் காலா அசார் வந்ததா?"

"மூன்று வருடத்துக்கு முன் வந்தது, ஐயா. மருந்து ஏற்றினார்கள், குணமாயிற்று."

"அப்படியானால் இந்தப் பட்டை உங்களுக்கு உதவாது. நோய் போனாலும் எதிர்ப்பொருள் பல ஆண்டுகள் இரத்தத்தில் இருக்கும். இரண்டு கோடுதான் வரும். அதை நம்பி மருந்து ஏற்றினால் தவறு. முதலில் மலேரியா இருக்கிறதா என்று பார்ப்போம். காய்ச்சல் நீடித்தால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறேன்."

தந்தைக்குப் புரிந்தது. பழைய நோயைச் சொன்னது நல்லதாயிற்று.

மருந்து ஏறியது. சில நாளில் சிறுமியின் காய்ச்சல் விட்டது. தானாகவே ரொட்டி கேட்டாள்.

நினைவில் கொள்க

• காலா அசார் உள்ள பகுதியில் இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல் இருந்தால் இரத்தம் பார்க்க வேண்டும்.
• பட்டை மட்டும் நோயைச் சொல்லாது. காய்ச்சலையும் மண்ணீரலையும் சேர்த்துப் பார்த்தே மருத்துவர் முடிவு செய்வார்.
• முன்பு காலா அசார் வந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கலந்து பேசுவோம்

1. தாய் ஏன் பயந்தாள்?
2. தந்தைக்கு மருத்துவர் ஏன் பட்டை போடவில்லை?
3. உங்கள் ஊரில் காய்ச்சல் வந்தால் எத்தனை நாள் கழித்து மருத்துவரிடம் போகிறார்கள்? ஏன்?