இருபது வருடம் கழித்து அரைமண்டி

கேள்வி: டீச்சர், எனக்கு 38 வயது. ஏழு வயதில் பரதம் தொடங்கி, 14 வயதில் அரங்கேற்றம் செய்தேன். பிளஸ் டூ வந்ததும் நின்றுபோனது. பிறகு வேலை, கல்யாணம், இரண்டு பிள்ளைகள். இப்போது மகளை வகுப்பில் விட்டுவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தால், ஜதி காதில் விழும்போதே கால் தட்ட ஆரம்பிக்கிறது. போன மாதம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பழைய வர்ணத்தை ஆடிப் பார்த்தேன். முதல் தீர்மானத்திலேயே மூச்சு வாங்கியது. மறுநாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்கினேன். இனி முடியுமா? முடிந்தாலும் இந்த ஆசை எத்தனை நாளைக்கு? மகளின் டீச்சரிடமே சேரலாமா? அவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர்.

- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: முடியும். ஆனால் வர்ணத்திலிருந்து அல்ல. திரிகால தீர்மானம் தினமும் ஆடுகிறவர்களையே திணற வைக்கும். நீங்கள் நேரே அங்கே போய் நின்றிருக்கிறீர்கள்! சொல்லுக்கட்டு மனப்பாடமாக இருப்பதுதான் ஆபத்து. மனசு பழைய வேகத்தில் ஓடும், தசை வராது. தட்டடவிலிருந்து தொடங்குங்கள். முதல் இரண்டு மாதம் விளம்ப காலம் போதும்.

முழங்கால் விஷயம். அரைமண்டியில் கால் பக்கவாட்டில் திரும்புவது இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். சின்ன வயதில் இடுப்பு கொடுத்த அளவு இப்போது கொடுக்காது. பழைய நினைப்பில் பாதத்தை மட்டும் திருப்பினால் முறுக்கு முழங்காலில் விழும். உட்காரும்போது முழங்கால் கால்விரல்களுக்கு நேராகப் போகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். போகவில்லை என்றால் பாதத்தை உள்ளே கொண்டுவாருங்கள். மண்டி ஆழம் குறைந்தால் குறையட்டும். டைல்ஸ் தரையில் ஓங்கித் தட்ட வேண்டாம். முழுமண்டியும் குதிக்கிற அடவுகளும் பிறகு வரட்டும். வலியோடு வீக்கமும் இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். இன்னொன்று: குதிக்கும்போது சிறுநீர் கசிகிறது என்பதைத் தாய்மார்கள் வகுப்பு முடிந்து தனியாக வந்துதான் சொல்கிறார்கள். நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அதற்குப் பயிற்சி உண்டு, பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தருவார்.

கால் பின்தங்கிவிட்டது, சரி. அபிநயம்? 14 வயதில் நாயகனுக்காக ஏங்குகிற நாயகியாக ஆடியிருப்பீர்கள். டீச்சர் சொன்ன இடத்தில் புருவத்தைத் தூக்கியிருப்பீர்கள், அவ்வளவுதான். இன்று அதே வரியைக் கேட்டால் உங்களுக்கே பத்து விதமாகத் தோன்றும். கலாநிதி நாராயணனை, அதாவது நாட்டிய உலகின் கலாநிதி மாமியை, நினைத்துக்கொள்ளுங்கள். 1928-இல் பிறந்தவர், மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் அபிநயம் பயின்றவர், பதின்வயதிலேயே ஆட்டத்தை நிறுத்திவிட்டவர். ஏறத்தாழ முப்பது வருடம் குடும்பம்தான். 1973-இல் திரும்பி வந்தபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. வந்தவர் ஜதியில் யாரோடும் போட்டி போடவில்லை. பதங்களையும் ஜாவளிகளையும் எடுத்துக்கொண்டார். பெயர்பெற்ற கலைஞர்கள் அபிநயம் கற்க அவரைத் தேடிப்போனார்கள். 1985-இல் பத்மபூஷண். எல்லோரும் கலாநிதி மாமி ஆகிவிட முடியாது. ஆனால் எந்தப் பக்கமாகத் திரும்பி வருவது என்பதை அவரிடம் படிக்கலாம். வாரத்தில் ஒரு நாளாவது உட்கார்ந்தபடி ஒரு பதம் செய்யுங்கள். பல்லவி ஒரே வரிதான். அதற்கு எத்தனை சஞ்சாரி தோன்றுகிறதோ அத்தனையும் செய்து பாருங்கள்.

ஆசை எத்தனை நாள் என்று கேட்டீர்கள். மூன்றாம் மாதம் குறையும். அடவு அலுக்கும், வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வரும், பரீட்சை வரும். அந்த மாதத்தைத் தாண்ட ஆசையை நம்பாதீர்கள், கிழமையை நம்புங்கள்: வாரம் மூன்று நாள், அரை மணி நேரம், அந்த நேரத்தில் போன் வேறு அறையில். மேடைக்குத் தேதி குறித்துக்கொண்டு வருகிறவர்கள் தேதி முடிந்ததும் காணாமல்போவதைப் பார்த்திருக்கிறேன். முதல் வருடம் மேடைப் பேச்சே வேண்டாம்.

மகளின் டீச்சரிடம் தாராளமாகச் சேருங்கள். வயது குறைந்தவர் என்றாலும் குரு குருதான். நமஸ்காரம் செய்யக் கூச்சமாக இருந்தால் முதல் வாரத்தில் போய்விடும். ஆனால் மகளின் பேட்ச்சில் வேண்டாம், தனி நேரம் கேளுங்கள். உங்கள் பாணி எது, அவருடையது எது என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள். நீங்கள் வழுவூர், அவர் கலாக்ஷேத்ரா என்றால் அடவிலேயே கை மாறும். அப்போது "எங்க வாத்தியார் இப்படிச் சொல்லித்தரலையே" என்று மகள் எதிரில் சொல்லிவிடாதீர்கள். அடுத்த வாரம் அவளும் அதையே சொல்வாள்.