ஆப்பை அழித்தால் கணக்கு மூடிவிடுமா?

இணையத்தில் டிக்கெட் எடுக்கும் கணக்கு பெரும்பாலான வீடுகளில் ஒருவர் பெயரில்தான் இருக்கும். உள்ளே இருப்பதோ மொத்தக் குடும்பமும். அம்மா காசிக்குப் போன விமான டிக்கெட், சித்தப்பா சிங்கப்பூர் போனபோது பதிந்த பாஸ்போர்ட் எண், மாமனாரின் பிறந்த தேதி, பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஏறும் இடம், இறங்கும் இடம். வீட்டில் போன் கையாளத் தெரிந்த பிள்ளையிடம் மற்றவர்கள் நம்பிக் கொடுத்த விவரங்கள் இவை. இந்தக் கணக்கை மூடும்போது நாம் அலட்சியமாக இருந்தால் அதன் விளைவு நம்மோடு நிற்காது. அதனால்தான் இது பற்றிப் பரவலாக இருக்கும் சில நம்பிக்கைகளைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

“ஆப்பை அழித்துவிட்டேன், கணக்கும் போயிருக்கும்.”

போகாது. போனிலிருந்து போவது ஆப் மட்டும்தான்; கணக்கு நிறுவனத்தின் சர்வரில் அப்படியே இருக்கும். கூகுள் கணக்கு வழியாக உள்நுழைந்திருந்தால் அந்த அனுமதியும் தொடரும். அதைக் கூகுள் கணக்கின் அமைப்புகளுக்குள் போய்த் தனியாக நீக்க வேண்டும்.

இதில் பெரிய ஆபத்து போன் எண்ணில் இருக்கிறது. பல பயண ஆப்களுக்குள் நுழையக் கடவுச்சொல் தேவையில்லை. எண்ணும் ஓடிபியும் போதும். நாம் கைவிட்ட எண்ணை, இணைப்பு துண்டிக்கப்பட்டு 90 நாட்கள் கழிந்ததும் வேறொருவருக்கு ஒதுக்கலாம். அந்த எண் கிடைத்தவர் அதே ஆப்பை நிறுவி எண்ணைப் போட்டால் ஓடிபி அவருக்குத்தான் வரும். உங்கள் வீட்டாரின் பெயர், வயது, பாஸ்போர்ட் எண் எல்லாம் அவர் கண்ணில் படும். அவர் மோசடிக்காரராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. எண்ணை விடுவதற்கு முன்பே கணக்கை மூடுங்கள், அல்லது புது எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். இறந்துபோன அப்பாவின் எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் விடும்போதும் இதே நிலைதான். துக்க வீட்டில் இது யாருக்கும் தோன்றாது. ஆனாலும் யாராவது ஒருவர் நினைவில் வைத்துச் செய்ய வேண்டிய வேலை இது.

ஆப்பை ஏற்கெனவே அழித்துவிட்டவர்களுக்கும் வழி உண்டு. ஆப்புக்குள் கணக்குத் தொடங்க இடம்கொடுத்தால் அங்கேயே அதை நீக்கவும் இடம்கொடுக்க வேண்டும் என்று ஆப்பிள் 2022 ஜூன் 30 முதல் கட்டாயமாக்கியது. கூகுள் 2023இல் அறிவித்த விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது: ஆப்பை மறுபடி நிறுவாமலேயே இணையம் வழியாக நீக்கக் கோரவும் வழி இருக்க வேண்டும். பிளே ஸ்டோரில் அந்த ஆப்பின் பக்கத்தில், தரவுப் பாதுகாப்புப் பகுதியில் அதற்கான இணைப்பைத் தேடுங்கள். தற்காலிக முடக்கம், நிரந்தர நீக்கம் என இரண்டு தேர்வுகள் தெரிந்தால் நிதானித்துப் படியுங்கள். முடக்கிய கணக்கு அழிவதில்லை, திரும்ப உயிர்பெறும்.

“பழைய பயணம்தானே, அதை வைத்து யார் என்ன செய்ய முடியும்?”

2021 மே மாதம் ஏர் இந்தியா ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ஏர் இந்தியாவுக்குப் பயணிகள் சேவைக் கணினி அமைப்பை நடத்திவந்த சிட்டா நிறுவனத்தில் நடந்த ஊடுருவலால், உலகெங்கும் சுமார் 45 லட்சம் பேரின் விவரங்கள் பாதிக்கப்பட்டன. அவை அந்த ஆண்டுப் பயணங்களின் விவரங்கள் மட்டுமல்ல. 2011 ஆகஸ்ட் முதல் 2021 பிப்ரவரி வரை பதிவானவை; அவற்றில் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் விவரம் எல்லாம் இருந்தன. பெரியவர்களுக்கான இந்தியப் பாஸ்போர்ட் 10 ஆண்டுகள் செல்லும். பிறந்த தேதி சாகும்வரை மாறாது. பயணம் பழையதாகலாம், ஆவணம் பழையதாவதில்லை.

ஆகவே, நீக்கும் பொத்தானுக்குப் போவதற்கு முன் சேமித்துவைத்த பயணிகள் பட்டியலைத் திறந்து, ஒவ்வொருவரின் விவரத்தையும் கையால் அழிப்பது நல்லது. நிறுவனம் கணக்கை எப்போது, எப்படி அழிக்கிறது என்பது நம் கையில் இல்லை. இது நம் கையில் இருக்கிறது.

“கணக்கை மூடினால் எடுத்த டிக்கெட்டும் ரத்தாகிவிடும்.”

விமான டிக்கெட்டின் பிஎன்ஆர் விமான நிறுவனத்தின் பதிவில் இருக்கிறது. கணக்கு போனதால் மட்டும் இருக்கை போய்விடாது. ஆனால் தேதி மாற்றமும் ரத்தும் பெரும்பாலும் டிக்கெட் எடுத்த தளத்தின் வழியாகத்தான் நடக்கும். ஓட்டல் முன்பதிவில் இந்தச் சார்பு இன்னும் அதிகம். போக வேண்டிய பயணம் ஒன்றாவது பாக்கி இருந்தால் கணக்கை மூடாதீர்கள் என்பதே என் கருத்து.

போய்வந்த பிறகும் அவசரம் வேண்டாம். ரத்து செய்த டிக்கெட்டுக்குப் பணம் வர வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். இடைத்தரகர் வழியாக எடுத்த டிக்கெட்டின் பணம் அவர் வழியாகத்தான் திரும்பி வரும். 2020 ஊரடங்கில் ரத்தான விமானங்களுக்குப் பயணத் தளங்கள் பணத்தைத் திருப்பித் தராமல் இழுத்தடித்ததால், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தானாகவே முன்வந்து நடவடிக்கை எடுத்தது. 2024 ஜூனில்கூட மீதிப் பணத்தைத் திருப்பித் தரும்படி ஒரு தளத்துக்கு அது உத்தரவிட வேண்டியிருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து வரும் பணத்தைக் கேட்டுப் பெறக் கையில் சான்று இருக்க வேண்டும். எனவே டிக்கெட், ரசீது, ரத்துச் சான்று, ஜிஎஸ்டி பில் ஆகியவற்றை முதலில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எல்டிசி எனப்படும் விடுப்புப் பயணச் சலுகை கேட்பவர்களுக்கும், அலுவலகத்தில் பயணச் செலவு வாங்குபவர்களுக்கும் இவை கட்டாயம் தேவைப்படும்.

தளத்தின் வாலெட்டில் கிடக்கும் தொகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சலுகையாக வந்த தொகை கணக்கோடு போய்விடும். ரத்தான டிக்கெட்டுக்காக வந்த நம் சொந்தப் பணம் அதில் கலந்திருக்கலாம். வங்கிக்கு மாற்ற முடிந்ததை மாற்றிவிட்டு மூடுங்கள்.

“நம் கார்டு எண் அவர்களிடம் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் எடுப்பார்கள்.”

இந்த அச்சம் பாதி பழையது. 2022 அக்டோபர் 1 முதல், கார்டு வழங்கிய வங்கியையும் கார்டு நெட்வொர்க்கையும் தவிர வேறு யாரும் முழுக் கார்டு எண்ணைச் சேமிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தளத்திடம் இருப்பது அதற்குப் பதிலான ஒரு டோக்கன். அதை வங்கி வழியாகவும் நீக்கலாம். இது உள்நாட்டுப் பரிவர்த்தனைக்கான ஏற்பாடு. வெளிநாட்டுத் தளத்தில் கார்டு கொடுத்திருந்தால் நீங்களே நீக்கிவிடுங்கள். கவனிக்க வேண்டியது ஆட்டோபே. ஆண்டுச் சந்தாவுக்கு அனுமதி கொடுத்திருந்தால், கணக்கு மூடினாலும் அது தானாக நிற்கும் என்று நம்பியிருக்காதீர்கள். யுபிஐ ஆப்பிலோ வங்கியிலோ போய் ரத்து செய்யுங்கள்.

“மூடிவிட்டால் எல்லாம் அழிந்துவிடும்.”

சட்டமே அப்படிச் சொல்லவில்லை. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குப் புத்தகங்களை, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். நம் பில்லும் அதில் அடங்கும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, தரவை அழிக்கக் கோரும் உரிமையைத் தருகிறது. ஆனால் வேறு சட்டத்துக்காக வைத்திருக்க வேண்டியதை விலக்கிவைக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன; பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு. நாம் தங்கிய ஓட்டலிடமும் பறந்த விமான நிறுவனத்திடமும் இருக்கும் பிரதிகளை இந்த ஒரு கணக்கின் நீக்கம் தொடாது. அப்படியிருந்தும் மூடுவதில் பலன் இருக்கிறது: உள்ளே நுழையும் வாசல் ஒன்று குறைகிறது.

“கஸ்டமர் கேருக்கு ஒரு போன் போட்டால் முடித்துத் தருவார்கள்.”

இணையத் தேடலில் கிடைத்த எண்ணுக்குப் போன் போடாதீர்கள். போலி எண்களைப் பரப்பிவிட்டு, திரையைப் பகிரும் ஆப்பை நிறுவச் சொல்லி, வங்கிப் பணத்தை வழிப்பது பழகிப்போன மோசடி. கணக்கை மூடுவதற்கான ஓடிபி உங்கள் திரையில் நீங்களே போட வேண்டியது. யாரிடமும் வாய்விட்டுச் சொல்வதல்ல. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள்.

நீக்கும் வழியை ஒளித்துவைத்து அலைக்கழிக்கும் தளங்களும் உண்டு. சந்தாவிலிருந்து வெளியேற முடியாதபடி சிக்கலாக்குவதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று தடைசெய்த 13 ஏமாற்று உத்திகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அப்படி நேர்ந்தால் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். இணைய வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் வந்துசேர்ந்ததை உறுதிசெய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். அதன் பிறகும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அந்த மின்னஞ்சலையும் அதற்கு வந்த பதிலையும் பத்திரப்படுத்தி வைத்திருங்கள். புகார் கொடுக்கும்போது முதலில் கேட்கப்படுவது அதுதான்.